70 நிறைந்தால் அட்டை உண்டு. பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள்

ஆதாரில் இருக்கும் பிறந்த தேதிப்படி உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 70 வயது நிறைந்துவிட்டதா? அப்படியானால் முதல் வேலை, ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்வது. 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசுத் திட்டத்தில் வருமானச் சான்று கேட்பதில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கும் உண்டு, அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பாட்டிக்கும் உண்டு. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. சர்க்கரை, இதயநோய் ஏற்கெனவே இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பொருந்தும்.

அந்த 5 லட்சம் தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவன், மனைவி இருவரும் 70 கடந்தவர்கள் என்றால் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனியார் பாலிசி, இஎஸ்ஐ இருப்பவர்களும் சேரலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் அது வேண்டுமா இது வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயுஷ்மான் செயலியில் ஆதார் சரிபார்ப்போடு பதிவு முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் 14555-ஐ அழைக்கலாம்.

அட்டை கையில் வந்ததும் பழைய பாலிசியை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இந்த அட்டை திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் செல்லும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் புறநோயாளிச் செலவுக்கும் உதவாது.

70-க்குக் கீழே இருப்பவர்களில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மற்றவர்கள் பிரீமியம் கட்டும் பாலிசிக்குத்தான் போக வேண்டும். ‘இந்த வயதில் யார் கொடுப்பார்கள்’ என்பது பழைய பேச்சு. 2024 ஏப்ரல் 1 முதல் எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளை நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாகக் காத்திருப்பு வைப்பார்கள். வயதானவர்களுக்கு முதலில் தேவைப்படுவதே அவைதான்!

தொகையைப் பார்த்து மயங்காமல், அறை வாடகை வரம்பையும் நாம் ஏற்க வேண்டிய பங்கையும் தேடிப் படியுங்கள். 5 லட்சம் பாலிசி, அறைக்கு நாளொன்றுக்கு 5,000 வரம்பு, நம் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தால் வாடகை 40,000; நிறுவனம் ஏற்பது 25,000. வெட்டு அதோடு நிற்காது. மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் 1,60,000 என்றால் அதையும் அதே விகிதத்தில் (8,000-க்கு 5,000) எட்டில் ஐந்து பங்காக்கி ஒரு லட்சம்தான் ஏற்பார்கள். மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவிகளில் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது விதி. அவற்றுக்கு 80,000 என்றால் அது முழுதாக நிற்கும். ஆக 2,05,000. அதில் நம் பங்கு 41,000 போனால் கிடைப்பது 1,64,000. மொத்த பில் 2,80,000. நம் கையிலிருந்து 1,16,000.

என் அப்பாவின் விண்ணப்பத்தை முகவர்தான் நிரப்பினார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் நேராக ‘இல்லை’ என்று டிக். கேட்டதற்கு, “இருக்கிறது என்று போட்டால் பிரீமியம் ஏறும் சார்” என்றார். அப்பா பதினோரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர். பாலிசி வந்த வாரமே திருத்தித் தரச் சொல்லி எழுதினோம். பிரீமியம் ஏறத்தான் செய்தது. பாலிசி பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகு, மோசடியை நிரூபித்தாலொழிய, நோயை மறைத்தார்கள் என்று சொல்லி நிறுவனம் கோரிக்கையை நிராகரிக்க முடியாது. அந்த ஐந்து வருடத்துக்குள் படுத்தால் முகவரா வந்து பதில் சொல்லப் போகிறார்?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் முடியாது. கோரிக்கையை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.