இறாலின் ஓட்டில் கருப்புப் புள்ளி விழுவது ஏன்?

பண்ணைக் குட்டையில் வலைவீசி எடுத்த வனாமி இறால் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற அதன் ஓட்டில் சில வேளைகளில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல் ஒரு கருப்புப் புள்ளி தெரியும். பாக்டீரியா நுழைய முயன்ற இடத்தை இறாலின் உடல் தானே அடைத்துப் பூசிய பூச்சு அது.

நம் உடல் ஒரு கிருமியைச் சந்தித்தபின் அதற்கென்றே எதிர்ப்பொருளை உருவாக்கி, அந்த நினைவைப் பல ஆண்டுகள் காக்கிறது. தடுப்பூசி பலன் தருவதும் இந்த நினைவால்தான். இறாலுக்கு எதிர்ப்பொருளே கிடையாது. விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் இயல்பாகவே நிறைந்திருக்கும் உவர்நீரில், பிறவியிலேயே அமைந்த தற்காப்பை மட்டும் கொண்டு அது வாழ்நாள் முழுவதும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

முதல் அரண் ஓடு. கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து இறுகிய இந்த ஓடு, இறால் வளர வளரக் கழற்றப்படுவதால், தோலுரித்த சில மணி நேரம் உடல் மெத்தென்று காவலின்றி இருக்கும்.

ஓட்டில் கீறல் விழுந்தால் ஆபத்து உடனே உள்ளே பரவும். ஏனெனில் இறாலின் குருதிநிணநீர் நம் இரத்தத்தைப்போல் குழாய்களுக்குள்ளேயே சுற்றி வராமல், உறுப்புகளை நேரடியாக நனைத்தபடி ஓடுகிறது. ஊசியால் ஒரு சொட்டு எடுத்தால், தாமிரம் கொண்ட ஹீமோசயனின் என்ற புரதத்தால் மெல்லிய நீலம் படர்ந்திருக்கும் அந்தத் திரவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாக உறைந்துவிடும். ஆய்வகத்தில் உறைவைத் தடுக்கும் கரைசலை ஊசிக்குள் முன்னரே நிரப்பிக்கொள்வது இதனால்தான். இந்த உறைவு காயத்தை அடைப்பதோடு, நுழைந்த பாக்டீரியாவையும் வலைபோல் சிக்கவைக்கிறது.

அந்த நிணநீரில் மிதக்கும் ஹீமோசைட் என்னும் அணுக்களே காவற்படை. பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும், இறாலின் உடலில் எங்குமே இல்லாத சில மூலக்கூறுகளை அடையாளம் காணும் புரதங்கள் எச்சரிக்கை தந்ததும், சில ஹீமோசைட்கள் கிருமியை விழுங்குகின்றன, சில கூட்டமாகச் சூழ்ந்து பொதிகின்றன, வேறு சில தம்முள் சேமித்த துகள்களை வெளியே கொட்டுகின்றன. அத்துகள்களில் உறங்கிக் கிடக்கும் ஒரு நொதியை, ஒன்றையொன்று வெட்டித் தூண்டும் புரதங்களின் தொடர் பீனாலாக்சிடேஸாக எழுப்பிவிட, அது பீனால்கள் என்ற வேதிப்பொருள்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் திரண்டு மெலனின் என்ற கருநிறமியாகின்றன. குயினோன்கள் கிருமியைக் கொல்ல, மெலனின் அந்த இடத்தை மூடி முத்திரையிடுகிறது. குயினோன்கள் இறாலின் சொந்தத் திசுக்களையும் சுடக்கூடியவை என்பதால், தடுப்புப் புரதங்கள் இந்த வினையைக் காயத்தின் எல்லைக்குள்ளேயே நிறுத்திவைக்கின்றன. இறந்த இறாலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை; சந்தையில் ஐஸ் குறைந்த இறாலின் தலை கறுப்பதும் இதே நொதியின் வேலைதான்.

ஹீமோசைட்கள் இன்னொரு ஆயுதத்தையும் வைத்திருக்கின்றன. 1997இல் வனாமி இறாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பெனெய்டின் என்ற சிறு புரதங்கள் அந்தத் துகள்களிலேயே தயார்நிலையில் காத்திருக்கின்றன. விப்ரியோவின் வெளிச்சவ்வைப் பற்றிக்கொள்ளும் வேறு புரதங்களும் உண்டு.

இந்தப் படையின் பலம் குட்டை நீரைப் பொறுத்தது. பிராணவாயு குறைந்தாலோ அம்மோனியா ஏறினாலோ ஹீமோசைட்களின் எண்ணிக்கை சரிகிறது. விடியற்காலையில், நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றுபோன குட்டையில் சில நாள் கழித்து நோய் தலைகாட்டினால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

காவலைச் சுற்றிக்கொண்டு வரும் பகைவனும் உண்டு. 2009இல் சீனாவில் தோன்றி வியட்நாம், தாய்லாந்து வரை பரவிய கணைய நோய், குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குட்டைகளைக் காலி செய்தது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் டானல்ட் லைட்னரின் குழு 2013இல் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தது: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் ஒரு வகை. அது இரைப்பையில் தங்கி நஞ்சை மட்டும், இறாலின் செரிமானச் சுரப்பியான கணையத்துக்குள் அனுப்ப, அங்குள்ள செல்கள் உதிர்ந்துவிடுகின்றன. கிருமி இருப்பது இரைப்பையில், ஹீமோசைட்கள் திரிவதோ நிணநீரில். அவை திரண்டு வரும்போது கணையம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அப்படிச் செத்த இறாலை அறுத்துப் பார்த்தால், வெளிறிய கணையத்தின் மேல் கருங்கோடுகள் தெரியும். நேரம் கடந்து வந்து படிந்த மெலனின் அது.