கியூர்பிப் குளிர்காற்று எங்கே போகிறது?

மொரீஷியசின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "1735க்குப் பிறகு பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் மொரீஷியசுக்குக் கூட்டிவந்தாரே, இன்ஜின் இல்லாத கப்பல் இரண்டு பக்கமும் எப்படிப் போய் வந்தது?"

ஜூலையில் நம் தீவின் கியூர்பிப் ஊரில் ஸ்வெட்டர் போட வைக்கும் தென்கிழக்குக் காற்றிலிருந்து ஆரம்பிப்போம். நமக்குத் தெற்கே, ஏறக்குறைய 30 பாகைத் தென் அட்சரேகையில், கடல்மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் உண்டு. நம் தீவுக்கூட்டத்தின் பெயரால் அதை மஸ்கரீன் உயர் அழுத்தம் என்கிறார்கள். அதே மாதங்களில் வட இந்தியா வெயிலில் காய்ந்து, அங்கே அழுத்தம் குறைந்து கிடக்கும். காற்று அந்தப் பக்கம் ஓடும். இது பள்ளிப் பாடம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. நாம் இருக்கும் 20 பாகையில் சுமார் 1,570தான். இங்கிருந்து வடக்கே கிளம்பும் காற்று அந்தக் குறைந்த வேகத்தோடுதான் போகிறது. அடியில் கடலின் வேகம் கூடிக்கொண்டே போக, காற்று பின்தங்கி மேற்கே சாய்கிறது. வழியில் கடல் உராய்ந்து உராய்ந்து தன் வேகத்தை அதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்க மலைகள் வேறு மேற்கே போகவிடாமல் மறிக்கும். நடுக்கோட்டைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ்: காற்றிடம் வேகம் அதிகம், வடக்கே போகப் போக அடியில் பூமிக்கு வேகம் குறைவு. காற்று முந்திக்கொண்டு கிழக்கே வளைகிறது. சோமாலியக் கரையை ஒட்டிச் சீறிப் பாய்ந்து, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையாக இறங்குகிறது. நம் காதைக் குத்திவிட்டுப் போன அதே காற்று!

இதையெல்லாம் அளக்கப் பசிபிக்கில் 1994லேயே அளவீட்டுக் கருவிகள் தாங்கிய மிதவைகளின் வரிசை முழுமையாகிவிட்டது. இந்தியப் பெருங்கடலில் 'ராமா' மிதவைகளைப் போடத் தொடங்கியதே 2004ல்தான். இத்தனை கோடிப் பேரின் சோறு இந்த மழையை நம்பி இருக்கும்போது இந்தத் தாமதத்துக்கு என்ன நியாயம்?

சரி, கப்பலுக்கு வருவோம். இந்தியாவுக்குப் போகும் கப்பலை இந்தக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். அக்டோபர் வாக்கில் ஆசியா குளிரத் தொடங்க, காற்று திரும்பி, வடகிழக்கிலிருந்து தெற்கே தள்ளும். வணிகமும் போரும் இந்தக் கணக்குக்குள்தான். 1746 செப்டம்பரில் லாபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். கோட்டையைப் பணத்துக்குத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயோடு தகராறு இழுத்துக்கொண்டே போக, அக்டோபர் வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லாத அந்தக் கரையில் நின்ற அவருடைய கப்பல்களைப் புயல் அடித்து நொறுக்கியது. தெய்வ குற்றம் என்று யாராவது சொல்லலாம். காலண்டரைப் பார்த்திருந்தாலே போதும்.

நம் தீவின் மாயேபூர்க்காரர்களுக்கு இன்னொரு கதை தெரிந்திருக்கும். அங்குள்ள கிராண்ட் போர்ட் துறைமுகம் தென்கிழக்குக் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே வருவது சுலபம், வெளியேறுவதுதான் பெரும்பாடு. 1810 ஆகஸ்டில் நான்கு ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் உள்ளே சிக்கின. இரண்டு தரைதட்டி எரிந்தன, ஒன்று குண்டடி பட்டுச் சரணடைந்தது. மிஞ்சிய இஃபிஜினியா, நங்கூரத்தைப் படகில் கொண்டுபோய் முன்னால் போட்டு, கயிற்றை இழுத்து இழுத்துக் காற்றுக்கு எதிரே ஊர்ந்தது. வாயிலை எட்டுவதற்குள் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து அடைத்துவிட்டன. நவம்பர் 29ல் மறுபடி வந்த ஆங்கிலேயர் காற்று மறைவான வடகரையில் இறங்கினார்கள். டிசம்பர் 3ல் தீவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து அவர்களுக்குக் கைமாறியது.