மானுக்குப் பழைய தோட்டா போதாதா?

டெல்டாவில் பழைய மிராசு வீடுகள் சிலவற்றில் லைசென்ஸோடு ஒரு .315 ரைபிள் இன்னும் இருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வந்து எண்ணெய் போட்டு வைப்பார்கள், அதற்கு வேலை அவ்வளவுதான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கோடியக்கரை வெளிமான் மேல் கை வைத்தால் ஜெயில். ஆனால் அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படியே நடக்கிறது, அங்கே ஓயாத சண்டை ஒன்று உண்டு: 1906-ல் வந்த .30-06 தோட்டா போதுமா, 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் தோட்டா வேண்டுமா? (தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, நுனியில் குண்டு, எல்லாம் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும்தான்.)

என்னைக் கேட்டால், 200 மீட்டருக்குள் நிற்கிற மானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையான புரட்சி இவை இரண்டுக்கும் முன்னாலேயே முடிந்துவிட்டது. பழைய காலத்து வெடிமருந்தான கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் புகையுமாக வீணாகும், எவ்வளவு திணித்தாலும் குண்டின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டாது. 1884-ல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தார், வேகம் ஒரே தாவலாக ஏறியது. அப்புறம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் செதுக்கல் வேலை. 1952-ல் வந்த .308-ஐப் பாருங்கள்: .30-06-ல் 63 மில்லிமீட்டர் நீளமிருந்த பித்தளைக் கூடு இதில் 51 ஆகக் குறைந்தது, மருந்து மேம்பட்டிருந்ததால் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது.

சரி, கிரீட்மோரில் என்ன விசேஷம்? .30-06-ன் 11.7 கிராம் குண்டும் கிரீட்மோரின் 9 கிராம் குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், நொடிக்கு 820 மீட்டரில் கிளம்புகின்றன. அப்படியானால் ஆற்றல் பழையதற்குத்தான் அதிகம், சுமார் 3,900 ஜூல், புதியதற்கு 3,000. அந்தக் கூடுதலுக்குத் தோளில் உதையும் கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதியது ஜெயிப்பது காற்றிடம். களத்தில் நெல் தூற்றும்போது பதரைக் காற்று தள்ளிக்கொண்டு போகும், மணி காலடியில் விழும். இரண்டும் ஒரே அளவுதான், எடைதான் வேறு. குண்டிலும் குறுக்களவுக்கு எத்தனை எடை என்பதே கணக்கு, கூடவே மூக்கு எவ்வளவு கூர் என்பதும். கிரீட்மோர் குண்டு ஒல்லி, நீளம். அந்த நீளக் குண்டு, துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் அடங்கத்தான் கூட்டைக் குட்டையாக்கினார்கள். குண்டு பறக்கும்போது தலைகுப்புறப் புரளாமல் இருக்க, அதைச் சுழலவைக்கும் குழலின் சுருள் வரிகளை நெருக்கி, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தார்கள். இதன் பலன் 400 மீட்டருக்கு அப்பால்தான் நன்றாகத் தெரியும், அவ்வளவு தூரத்தில் உயிருள்ள மிருகத்தைச் சுடுவதே எனக்கு உடன்பாடில்லை. ஒல்லிக் குண்டும் புதுசு இல்லை, சுவீடன்காரர்களின் 6.5×55 வந்தது 1894-ல்.

மானைச் சாய்ப்பதில் தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் உட்கட்டமைப்புதான் முக்கியம். ஆப்பிரிக்காவில் வால்டர் பெல் என்ற வேட்டைக்காரர் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டது 1892-ம் ஆண்டின் 7×57 தோட்டாவால், நுனி விரியாத கெட்டிக் குண்டைப் போட்டு, மண்டைக்குள் மூளை எங்கே என்று அளந்து தெரிந்துகொண்டு. அதே தோட்டாவில் மெத்தென்ற ஈய நுனிக் குண்டு போட்டால் அது உடம்புக்குள் விரிந்து மானை அங்கேயே நிறுத்தும். கெட்டிக் குண்டோ சின்னத் துளை போட்டு மறுபக்கம் போய்விடும், மான் அடிபட்ட உடம்போடு வெகுதூரம் ஓடிப் புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து சாகும்.