நாட்குறிப்பில் சிவப்பு மை கொஞ்சம் போதும்

ஜப்பானில், வேலைக்குப் போகிற ஜப்பானியர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். நிறுவனங்கள் அதிகம் கேட்பது அதில் கேட்டல், வாசித்தல் தாளைத்தான். 2 மணி நேரம், 200 கேள்வி, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. 990க்கு 800 வாங்கியவரிடம் 'நேற்று என்ன செய்தீர்கள், எழுதுங்கள்' என்றால் பேனா நகராது. எப்படி நகரும்? சொந்தமாக ஒரு வரி எழுதுங்கள் என்று அந்தத் தாள் அவரைக் கேட்டதே இல்லையே.

அதனால்தான் 'எய்கோ நிக்கி' எழுதச் சொல்கிறோம், ஆங்கில நாட்குறிப்பு. பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல. கோடை விடுமுறையில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எ-நிக்கி என்று ஒரு வீட்டுப்பாடம் உண்டு: மேலே படம், கீழே நாலு வரி. கடைசி வரி பெரும்பாலும் 'ஜாலியாக இருந்தது'. வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதும்போதும் அதே வரிதான் வருகிறது. ராமென் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. பிழை இருக்காது, ஆங்கிலமும் வளராது.

ஒருவர் மூன்றே வரி எழுதி வந்தார். இன்று குப்பை நாள். காகம் வந்தது. ஆச்சரியப்பட்டேன். பிழையைத் தொடாமல் கேள்வி மட்டும் கேட்டேன். காகம் கிளறாமலிருக்கக் குப்பை மூட்டை மேல் வலை போடவில்லையா? போட்டேன், ஓரத்தைச் சரியாக இழுத்துவிடவில்லை. காகம் எதை இழுத்தது? மீன் தோல், தேயிலைப் பை. யாருடைய மூட்டை? கொஞ்சம் தயங்கி, என்னுடையதுதான் என்றார். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டே நின்றாராம்! அடுத்த வாரம் ஒரு பக்கம் வந்தது. 'கொத்துவது', 'இழுப்பது', 'பெருக்குவது' எல்லாவற்றுக்கும் அவரே ஆங்கிலச் சொல் தேடியிருந்தார்.

அந்தப் பக்கத்தில் பிழைக்குப் பஞ்சமில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ' (a), 'தி' (the) பாதி இடத்தில் காணோம். அது நமக்கும் புரிகிற சிக்கல்தான், தமிழிலும் அவை இல்லை. எழுவாயும் காணோம். 'மறந்துவிட்டேன்' என்று நாம் சொன்னால் யார் மறந்தது என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடும். ஜப்பானிய வினையில் அந்த விகுதியும் கிடையாது. சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதினால் வலையை மறந்தது அவரா காகமா என்றே தெரியாது.

இங்கேதான் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். எல்லாப் பிழையையும் சிவப்பில் வளைத்தால் அடுத்த முறை பத்திரமான இரண்டு வரிதான் வரும். தப்பாக எழுதிவிடக் கூடாது என்ற கூச்சம் அவர்களுக்கு ஏற்கெனவே அதிகம். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். அவருக்கு அந்த வாரம் எழுவாய் மட்டும் திருத்தினேன். 'எ', 'தி' மெதுவாக வரட்டும், அவசரமில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஜப்பானியத்தில் எழுதி, செயலியில் போட்டு மொழிபெயர்த்துக் கொண்டுவராதீர்கள். அப்படி வரும் பக்கம் அழகாக இருக்கும், ஆனால் அதிலுள்ள ஒரு வாக்கியத்தை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் திணறுகிறார்கள். முதலில் தெரிந்த சொற்களில் நீங்களே எழுதுங்கள், தெரியாத இடத்தில் ஜப்பானியச் சொல்லையே வைத்துவிட்டு நகருங்கள். அப்புறம் செயலியைத் திறந்து ஒப்பிடுங்கள். அலுவலகக் கதை என்றால் வாடிக்கையாளர் பெயர், விலை விவரம் எதையும் அதில் போட வேண்டாம். குப்பை, ரயில், மழை, மாமியார் என்று எழுத வேறு விஷயம் ஏராளமாக இருக்கிறது.