“கஞ்சா பல நாட்டுல இப்ப லீகல்தானே, டாக்டர்?”

சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி காதில் விழாத வாரமே எனக்கு இல்லை. கேட்பவர் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் குரலில் ஒரு விறைப்பு இருக்கும், தனியாக வந்திருந்தால் உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆர்வம் இருக்கும். நான் மனநல மருத்துவர், போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வர நினைப்பவர்களோடுதான் என் வேலை நேரத்தில் பெரும்பகுதி போகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், கஞ்சா பிடிப்பவர்கள் அதை வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். தூக்கம் வரவில்லை, படபடவென்று இருக்கிறது என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும், மூன்றாவது நான்காவது தடவை வரும்போதுதான் தயங்கித் தயங்கி விஷயம் வெளியே வரும். இப்போது உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். மறைக்கிறவருக்கு வைத்தியம் பார்ப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் அந்த வெளிப்படைப் பேச்சோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் உள்ளே வந்துவிட்டது. சட்டமே விட்டுவிட்டது என்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்கிற நம்பிக்கை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜனங்களின் மனது எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று பார்க்க அமெரிக்கக் கணக்கு ஒன்று போதும். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1969-இல் கேட்டபோது, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 சதவீதம். 2000-இல் 31. 2013-இல் 58. 2023-இல் 70. ஒருகாலத்தில் பத்துப் பேரில் ஒருவர் சொன்னதை 2023-இல் ஏழு பேர் சொன்னார்கள். இதற்குக் காரணம் பல. 1996-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்தபோது அவர்கள் கண்முன் நின்றவர்கள் எய்ட்ஸால் எலும்பும் தோலுமாகிப்போனவர்களும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி வாந்தியில் துவண்டவர்களும்தான். அப்புறம் கைதுகள். வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்படுத்தினாலும் கறுப்பினத்தவர் கைதாவது கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகம் என்ற கணக்கு வெளியே வந்ததும் பலருக்கு மனசாட்சி உறுத்தியது. வரி வருமானம் வேறு கண்ணில் பட்டது. 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் பொழுதுபோக்குப் பயன்பாட்டையே அனுமதித்து வாக்களித்தன. 2013-இல் உருகுவே, 2018 அக்டோபரில் கனடா, 2024 ஏப்ரலில் ஜெர்மனி என்று ஒவ்வொரு நாடாகத் தனக்கேற்ற விதிகளோடு கதவைத் திறந்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பொட்டலத்துக்காக இருபது வயதுப் பையனைச் சிறையில் தள்ளுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அப்படிப் போய் வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். கஞ்சா அவர்களுக்குச் செய்ததைவிட, வேலை கிடைக்காமல் போனதும் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததும் பெரிய கேடு செய்திருந்தது.

சரி, ஆனால் ஜெயிலில் போடலாமா என்பது ஒரு கேள்வி, மூளையும் உடம்பும் தாங்குமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உலகம் சொன்ன பதிலைப் பிடுங்கி இரண்டாவதற்கு ஒட்டவைத்துவிடுகிறோம். சாராயமும் சிகரெட்டும் எத்தனை காலமாகச் சட்டபூர்வமாக இருக்கின்றன! அதற்காகக் கல்லீரலும் நுரையீரலும் சும்மா விட்டுவிடுகின்றனவா?

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையம், 1961 போதைப்பொருள் உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. மருத்துவப் பயனும் இதில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட முடிவு அது, அவ்வளவுதான். முதலாம் பட்டியலில் கஞ்சா இன்னமும் இருக்கிறது, கட்டுப்பாடும் தொடர்கிறது. என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவரோ செல்போனில் அந்தச் செய்தியின் தலைப்பைக் காட்டி, “ஐ.நா.வே ஒண்ணும் ஆகாதுன்னு ஒத்துக்கிச்சு டாக்டர்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கைக்கு வந்த தலைப்பு அப்படித்தான் இருந்தது.

அமெரிக்கப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களிடம் ஆண்டுதோறும் ஒரு ஆய்வு நடக்கிறது. தொடர்ந்து கஞ்சா பிடிப்பது பெரிய ஆபத்து என்று 1991-இல் ஐந்தில் நான்கு பேர் சொன்னார்கள். 2010-களின் நடுவில் ஐந்தில் இரண்டு பேர்கூடச் சொல்லவில்லை. பயம் இப்படிக் குறைந்தால் பிள்ளைகள் எல்லாரும் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று எங்கள் துறையில் பலர் பயந்தோம். அப்படி நடக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஏறியது வேறு எண்ணிக்கை: பெரியவர்களின் அன்றாடப் பழக்கம். தினமும் அல்லது கிட்டத்தட்ட தினமும் கஞ்சா எடுப்பவர்கள் 1992-இல் அமெரிக்காவில் பத்து லட்சம் பேர்கூட இல்லை. 2022-இல் 1 கோடியே 77 லட்சம். அதே அளவு அடிக்கடி மது குடிப்பவர்கள் அந்த ஆண்டு 1 கோடியே 47 லட்சம்தான். தினமும் குடிப்பவரைவிடத் தினமும் கஞ்சா எடுப்பவர் அதிகம் என்ற நிலை அங்கே வந்தது அப்போதுதான் முதல்முறை. என் அறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த “தினமும்” கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எப்போதாவது நண்பர்களோடு இழுப்பவர் என்னிடம் வருவது அபூர்வம்.

பிடிக்கும் பொருளும் பழைய பொருள் இல்லை. போதை தருகிற டி.எச்.சி. என்ற வேதிப்பொருள், அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-இல் சராசரியாக 4 சதவீதம் இருந்தது, 2014-இல் 12 சதவீதம் ஆனது. பிழிந்தெடுத்து விற்கிற மெழுகு, எண்ணெய் வகைகளில் 60 சதவீதத்தையும் தாண்டும். “எங்க தாத்தா காலத்துல இருந்தே இருக்கு டாக்டர்” என்பவர்களிடம் நான் சொல்வது, தாத்தா குடித்தது பீர் என்றால் நீ குடிப்பது விஸ்கி, தம்பி, அதே டம்ளரில்.

ஒரு நோயாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். முப்பதை நெருங்கும் வயது. ஒன்றரை வருடத்தில் ஆறேழு தடவை வாந்திக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று ஒரு பை நிறைய ரிப்போர்ட், எல்லாமே நார்மல். “எல்லாம் மனசுதான்” என்று யாரோ சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கூட வந்த மனைவி, வேறு ஏதோ பேசும்போது நடுவில், “இவர் குளியலறைக்குள்ள போனா ஒரு மணி நேரம் ஆகுது டாக்டர், வெந்நீர் தீர்ந்தா சண்டைக்கு வர்றார்” என்றார். பார்த்தேன், முதுகும் வயிறும் சூட்டில் சிவந்திருந்தன. வெந்நீர் ஊற்றினால் மட்டும்தான் வாந்தி நிற்கிறது என்றார் அவர். கஞ்சா பிடிப்பீர்களா என்று கேட்டேன். பத்து வருடமாக, தினமும் மூன்று நான்கு தடவை.

இதற்கு ஒரு பெயர் உண்டு, கன்னாபினாய்டு ஹைப்பர்எமெசிஸ். 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை விரிவாக எழுதிய பிறகுதான் எங்களுக்கே தெரிய வந்தது. வருடக்கணக்கில் அடிக்கடி எடுப்பவர்களுக்கு வரும், வழக்கமான வாந்தி மருந்துகள் பெரும்பாலும் கேட்காது, சூடான தண்ணீரில் நின்றால் தணியும், கஞ்சாவை முழுக்க விட்டால்தான் நிற்கும். அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் நியாயமான காரணமும் இருந்தது. “வாந்திக்கு மருந்தே கஞ்சாதானே டாக்டர், கேன்சர் பேஷண்டுக்குக் குடுக்கறாங்களே” என்றார். உண்மைதான், செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி. மாத்திரைக்கு, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை அடக்க 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த அரைச் செய்தியை நம்பி, வாந்தி வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறார். வாந்தியை வரவழைத்ததையே வாந்திக்கு மருந்தாக எடுத்துக்கொண்டு ஒன்றரை வருடம். விட்ட பிறகு நின்றது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி ஆரம்பித்தார், மறுபடி ஆஸ்பத்திரி, அதற்கப்புறம்தான் அவருக்கே நம்பிக்கை வந்தது.

மருத்துவக் கஞ்சா என்ற சொல்லே நிறையக் குழப்பம் செய்கிறது. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, சில கடுமையான குழந்தை வலிப்பு நோய்களுக்கானது. அதில் இருப்பது கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத சி.பி.டி. என்ற வேதிப்பொருள், எடைக்குத் தகுந்த அளவில், கல்லீரல் பரிசோதனையோடு கொடுக்கும் திரவ மருந்து. அதைச் சாட்சிக்கு இழுத்து, சுருட்டிப் பிடிப்பதும் மருந்துதான் என்று சொல்ல முடியாது.

என்னை ராத்திரியில் விழித்திருக்க வைப்பது சைக்கோசிஸ். இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று அடித்துச் சொல்வது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரு இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒருபோதும் பிடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் தினமும் பிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.எச்.சி. உள்ளதைத் தினமும் பிடித்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று தெரிந்தது. பிடிக்கிற பெரும்பாலானவர்களுக்கு இது வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல எங்களிடம் பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்தால், அல்லது பதினைந்து பதினாறு வயதிலேயே ஆரம்பித்தால், ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் அப்படி யாராவது இருக்கிறார்கள் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, தயவுசெய்து தொடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கெஞ்சக்கூடத் தயார்.

கஞ்சாவுக்கு அடிமையாக மாட்டார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. தினமும் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை, விசித்திரமான கனவுகள் என்று வரும், முதல் வாரம்தான் ரொம்ப மோசம். “இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது, பாருங்க” என்று பலர் அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்தத் தூக்கமின்மை பெரும்பாலும் நிறுத்தியதால் வந்தது. இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தால் பலருக்குத் தூக்கம் மெல்லத் திரும்பும், கனவுத் தொல்லை சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளும். இதற்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான் கை கொடுக்கிறது, நன்றாகவே கை கொடுக்கிறது.

சட்டபூர்வமான ஊர்களில் இருப்பவர்களுக்கும், அங்கே பிள்ளைகள் குடியிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. மிட்டாய், கேக் மாதிரி வருபவை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது துண்டை வாயில் போடுபவர்கள்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள், உயரத்தில் வைத்தால் போதாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இப்படித் தெரியாமல் தின்றதாக அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு 2017-இல் 207 அழைப்புகள் வந்தன, 2021-இல் 3,054.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. மூன்றே வருடத்தில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று திரும்பியது. மக்கள் மனதும் சட்டமும் இன்னும் எத்தனை தடவை இப்படி முன்னும் பின்னும் போகுமோ தெரியாது. அதனால் “லீகல்தானே டாக்டர்” என்று கேட்கும் தம்பியிடம் நான் சட்டத்தைப் பற்றி வாதாடுவதை நிறுத்திவிட்டேன். எந்த வயதில் ஆரம்பித்தாய், காலையில் எழுந்ததும் தேடுகிறாயா, அது இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகுமா, வண்டி ஓட்டும் முன் எடுக்கிறாயா, வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்கிறேன். கூட வந்த பெற்றோரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். பாதிப் பேர் மூன்றாவது கேள்வியில் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

கடைசியாக, எந்த டாக்டரிடம் போனாலும் கஞ்சா எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து நிபுணர் வந்து கேட்கும்போது. கடைசியாக எப்போது எடுத்தீர்கள், எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்து மயக்க மருந்தின் அளவும், பிறகு வலிக்குத் தேவைப்படும் மருந்தும் மாறலாம். அவர் உங்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கக் கேட்கவில்லை, ஊசியில் எவ்வளவு ஏற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.