கார்பெட்டுக்கு அடியில் குளம்: பழைய காருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பழைய கார் வாங்கப் போகிறவர் பெயிண்டைத் தட்டிப் பார்ப்பார், எஞ்சின் சத்தம் கேட்பார். கார்பெட்டை அழுத்திப் பார்ப்பவர் குறைவு. உள்ளங்கையை ஊன்றி ஐந்து விநாடி அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் விரல் இடுக்கில் ஈரம் ஏறினால் அடியில் உள்ள ஃபோம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். சாலை இரைச்சலைத் தடுக்க ஒட்டப்பட்ட அந்த ஃபோம், லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருக்கும். மேலாகக் காயவைத்து வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டால், அடுத்த மழை வரை குட்டு வெளிப்படாது.

காலையில் கண்ணாடிகளின் உள்பக்கம் பனி படிவதும் இதே கதைதான். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான். ஈர ஃபோம் பகலில் காருக்குள் இருக்கும் காற்றை நீராவியால் நிரப்பிவிட்டால், 3 கன மீட்டர் இடத்தில் இரவோடு இரவாக ஏறக்குறைய 40 கிராம் தண்ணீர் கண்ணாடியிலும் உலோகத்திலும் படிந்துவிடும். துடைத்தாலும் மறுநாள் மறுபடி வரும்.

இதில் பலர் அறியாத விஷயம், காரின் பல இடங்களில் தண்ணீர் நுழைவதற்கு வடிவமைப்பிலேயே இடம் விட்டிருக்கிறார்கள் என்பது. கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீரில் ஒரு பகுதி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கும். அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். அது உட்புறம் வராமல் காப்பது டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க அட்டை) பின்னால் பிசின் போன்ற கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஷீட். ஸ்பீக்கர் மாற்றியவரோ பவர் விண்டோ பழுதுபார்த்தவரோ அதைக் கிழித்து, சரியாக ஒட்டாமல் விட்டால், தண்ணீர் டோர் பேடுக்கு அடியில் கசிந்து நேராகக் கார்பெட்டில் இறங்கும். வெளி ரப்பரை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது.

சன்ரூஃபும் அப்படித்தான். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால், அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள். தூசியும் இலைத்துகளும் அடைத்தால் வாய்க்கால் நிரம்பிக் கூரைத் துணியில் வழியும். 2 மில்லிமீட்டர் நைலான் கம்பியை மெதுவாக விட்டு அடைப்பை எடுக்கலாம். கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடித்தால் தூணுக்குள்ளேயே குழாய் கழன்றுவிடலாம். பிறகு கூரையையே பிரிக்க வேண்டும்.

வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகு சேர்ந்தால், தண்ணீர் ஏசி காற்று உறிஞ்சும் வாய் வழியே உள்ளே வரும். டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம் நிறைந்தால், பின்விளக்கின் ரப்பர், பம்பருக்குப் பின்னால் உள்ள காற்றுப்போக்கி மூடி, கூரையின் இணைப்புப் பூச்சு ஆகியவற்றைப் பாருங்கள். மழையே இல்லாமல் முன்பக்கம் நனைந்தால் இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும்: குளிர்ந்த, வாசனையற்ற தண்ணீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது, இனிப்பு வாடையும் வழவழப்பும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டரிலிருந்து கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது.

சொட்டும் இடத்தைப் பார்த்து ஓட்டையை முடிவு செய்யாதீர்கள். வயரிங் கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஒரு மீட்டர் பயணித்து, காரின் தாழ்வான மூலையில் போய்த் தேங்கும். மேட்டில் முன்பக்கம் உயர்த்தி நிறுத்தினால் பின்னால் நனையும், திருப்பி நிறுத்தினால் முன்னால் நனையும்.

சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே; டோர் பேடையும் கார்பெட் ஓரத்தையும் முன்பே விலக்கிவிட வேண்டும். மற்றவர் ஹோஸ் பைப்பில் அழுத்தமில்லாமல் தண்ணீர் விட வேண்டும், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் 5 முதல் 10 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. நல்ல ரப்பரைக்கூட அது தாண்டும். பீடிங்கில் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) சந்தேகமென்றால் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பின்றி உருவிக்கொண்டு வரும் இடமே பலவீனமான இடம்.

காரை விற்ற டீலரிடம் போகும்போது பேச்சுக்கு மதிப்பில்லை. இந்தச் சோதனையின் வீடியோ, தேதியுள்ள படங்கள், விற்பனை ஒப்பந்தம், எழுத்தில் கொடுத்த புகார் இவைதான் பேசும். புகார் சொல்ல ஊருக்கு ஊர் சட்டக் கெடு உண்டு, எனவே கண்டுபிடித்த அன்றே எழுதுங்கள். டீலருக்குப் பார்க்க வாய்ப்புத் தராமல் நீங்களே பழுது பார்த்தால், "நீங்கள் பிரித்ததால்தான் ஒழுகுகிறது" என்பார். "காயவைத்துவிட்டோம், சிலிக்கான் பூசிவிட்டோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்; வெளியே பூசிய சிலிக்கான் பல நேரம் வடிகாலையே அடைத்து நிலைமையை மோசமாக்கும். எந்த வழி, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

காரை வாங்கும் முன்பே பார்ப்பதானால், சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக்கோடு, சீட் தண்டவாள போல்ட்டில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் வண்டல் இவை சேர்ந்திருந்தால் ஒழுகல் என்று நம்பாதீர்கள். அது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார், விலகிவிடுங்கள்.

ஓட்டையை அடைத்த பிறகும் ஃபோமைக் காயவைக்காமல் விட்டால் வேலை பாதிதான். பல கார்களில் கன்ட்ரோல் யூனிட்களும் வயர் இணைப்புகளும் சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் அடியில் இருக்கும். ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் தாமிர முனைகள் பச்சையாகி அரிக்கும். மாதங்கள் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும்போது மழையை யாரும் நினைப்பதில்லை. சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காரின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கினுடையது, அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. ஈரம் உறிஞ்சும் வாக்குவமும், பிறகு கார்பெட்டைத் தூக்கி நிறுத்தி இரு பக்கமும் மின்விசிறிக் காற்றும் தேவை. இதற்கு நாட்கள் ஆகும், மணி நேரம் அல்ல. காய்ந்ததும் கார்பெட்டை உடனே மூடிவிடாமல் அதே இடத்தில் 10 நிமிடம் தண்ணீர் விட்டுப் பார்த்து, உலோகத் தரை காய்ந்தே இருந்தால் மட்டும் திரும்பப் பொருத்துங்கள்.