கடவுச்சீட்டின் அடிவரியில் ஒளிந்திருக்கும் கணக்கு

அண்மையில் முதன்முறையாகக் கடவுச்சீட்டு பெற்ற கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: “புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் எழுத்துகளும் எண்களும் அம்புமுனை போன்ற குறிகளும் கலந்த இரண்டு வரிகள் இருக்கின்றன. மேலே உள்ள விவரங்களே அங்கும் வருகின்றன. ஆனால் என் பிறந்த தேதிக்குப் பின்னால், மேலே எங்குமே இல்லாத ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?” பல ஆண்டுகளாக என் மனத்துக்கு நெருக்கமான ஒரு கணக்கு அந்த ஒற்றை எண்ணுக்குள் இருப்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

இந்தியாவில் 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகம் இச்சேவையை வழங்குகிறது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, குறித்த நாளில் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் சென்றால், ‘ஏ’ முகப்பில் தனியார் நிறுவன ஊழியர்கள் ஆவணங்களையும் கைரேகையையும் பதிவுசெய்கிறார்கள். ‘பி’, ‘சி’ முகப்புகளில் அரசு அலுவலர்கள் அவற்றைச் சரிபார்த்து முடிவெடுக்கிறார்கள். காவல்துறை விசாரணை முடிந்ததும் புத்தகம் விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வருகிறது. 2017 முதல் அஞ்சலகங்களிலும் இம்மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. இவ்வளவு பேர் சரிபார்த்து முடித்த விவரங்களின் சாரம், வரிக்கு 44 வீதம் 88 எழுத்திடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த அமைப்பை வகுத்தது மான்ட்ரியாலில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பு. கையால் எழுதப்பட்ட கடவுச்சீட்டுகள் 2015 நவம்பர் 24ஆம் தேதிக்குப் பின் புழக்கத்தில் இருக்கக்கூடாது என்று காலக்கெடு விதித்ததும் அதுவே.

விமான நிலையத்தில் இவ்விரு வரிகளைப் படிப்பது ஒரு கருவி. அச்சு தேய்ந்திருக்கலாம், பக்கத்தில் கறை படிந்திருக்கலாம். அதனால் கருவி ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்துவிடவும் கூடும். தான் படித்தது சரிதானா என்பதை வேறு எந்த நாட்டையும் கேட்காமல் அந்த இடத்திலேயே அது அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சேர்க்கப்பட்டதுதான் மாணவி கண்ட எண். அதன் பெயர் சரிபார்ப்பு இலக்கம்.

ஒருவர் 1990 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தார் என்று கொள்வோம். இரண்டாம் வரியில் அது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 900815 என்று அச்சாகும். இந்த ஆறு இலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கினால் 63, 0, 0, 56, 3, 5 கிடைக்கும். கூட்டினால் 127. அதைப் பத்தால் வகுத்தால் மீதி 7. ஆகவே வரியில் 9008157 என்று இருக்கும். கருவி கடைசி 5ஐ 6 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 128 ஆகி, மீதி 8 வரும். அச்சில் உள்ள 7உடன் அது பொருந்தாது. கருவி மீண்டும் படிக்கும்.

ஏன் 7, 3, 1? இந்த மூன்றுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் கிடையாது. அதனால் ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் மாறினால், அந்த மாற்றம் எவ்வளவு சிறியதாயினும் மீதியை மாற்றியே தீரும். 7க்குப் பதிலாக 2ஆல் பெருக்கியிருந்தால், 1ஐ 6 என்று படித்த பிழையில் கூட்டுத்தொகை சரியாகப் பத்து கூடியிருக்கும். மீதி மாறாமல் பிழை தப்பியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் 7, 3, 1 ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடுகள் எல்லாம் இரட்டை எண்கள். ஆகவே 1உம் 6உம், 2உம் 7உம் போல ஐந்து வேறுபாடுள்ள அண்டை இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் இக்கணக்கு ஏமாந்துவிடும்.

ஆங்கில எழுத்துகளுக்கு ஏ 10, பி 11 என்று தொடங்கி இசட் 35 வரை மதிப்பு உண்டு. அம்புமுனைக் குறிக்குச் சுழியம். சுழியத்தையும் ‘ஓ’ என்னும் எழுத்தையும் குழப்பிக்கொண்டால் மதிப்பில் 24 வேறுபடும், உடனே பிடிபடும். 8உம் ‘பி’யும், 5உம் ‘எஸ்’உம், 2உம் ‘இசட்’உம் அப்படியே. ஆனால் ‘ஜி’யின் மதிப்பு 16, அதை 6 என்று படித்தால் வேறுபாடு சரியாகப் பத்து, கணக்கு எதையும் உணராது. அந்த இடத்தில் காப்பாற்றுவது எழுத்தின் வடிவம். இவ்வரிகளில் பயன்படும் ஓசிஆர்-பி என்ற எழுத்துருவை 1968இல் ஏட்ரியன் ஃபுருட்டிகர், மனிதக் கண்ணும் கருவியும் ஒருசேரப் பிரித்தறியும் வகையில் வடிவமைத்தார். கணிதம் விட்ட இடைவெளியை எழுத்துக்கலை அடைப்பது எனக்குத் தீராத வியப்பு.

கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காவல் இருக்க, முதல் வரியில் உள்ள பெயருக்கு மட்டும் எதுவும் இல்லை. பெயரின் எழுத்துக்கோவையை ஆவணங்களோடு ஒப்பிடும் அலுவலரின் கண்தான் அதற்குக் காவல். நம் ஊரில் ‘எண் கணிதம்’ என்ற பெயரில் ஒருவர் கூட்டிக் கழித்துச் சொன்னார் என்பதற்காகப் பெயரில் ஓர் ‘ஏ’யைச் சேர்த்துவிட்டு, பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் வேறொன்றுமாக அலையும் குடும்பங்களை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு எண்ணைப் பொருத்திக் கூட்டும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்று எந்தப் பிழையைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்று நிறுவிக் காட்ட முடிந்த அறிவு. மற்றொன்றுக்கு அப்படி எந்த நிறுவலும் இல்லை.

சரிபார்ப்பு இலக்கம் பிடிப்பது படிப்புப் பிழையைத்தான், மோசடியை அன்று. மேலே கண்ட பெருக்கலைப் போலி தயாரிப்பவரும் செய்யலாம். அதற்கான விடை, 2024 ஏப்ரலில் நாக்பூரிலும் புவனேஸ்வரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, 2025 மார்ச்சில் சென்னைக்கும் வந்த மின்-கடவுச்சீட்டில் இருக்கிறது. முன்னட்டையில் பொன்னிறச் சிறு குறி உள்ள இப்புத்தகத்தின் உள்ளே ஒரு சில்லு (சிப்) பதிந்திருக்கிறது. உலகத் தரநெறிப்படி, சில்லைத் திறக்கும் சாவி அடிவரியிலிருந்தே உருவாகிறது: கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றும் அவற்றின் சரிபார்ப்பு இலக்கங்களும் சேர்ந்துதான் அந்தச் சாவி. புத்தகத்தைத் திறந்து வரியைப் படிக்காதவரை சில்லு தன் விவரங்களைத் தருவதில்லை.

உள்ளே இருக்கும் விவரங்கள்மீது வழங்கிய நாட்டின் மின்கையொப்பம் இருக்கிறது. அதை இட, அந்நாடு மட்டுமே வைத்திருக்கும் கமுக்கச் சாவி என்னும் இரகசிய எண் வேண்டும். சரிபார்க்கப் பொதுச்சாவி போதும், அது மற்ற நாடுகளுக்கு வெளிப்படையாகத் தரப்படுகிறது. இந்த ஏற்பாடும், மேலே நாம் செய்த மீதிக் கணக்கும், 1801இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் முறைப்படுத்திய எண்கோட்பாடு என்னும் ஒரே கணிதத்தின் கிளைகள். எண்கோட்பாட்டு ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போது உடனடிப் பயனை மட்டும் கேட்கக்கூடாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒருவர் தாளில் பிறந்த ஆண்டைத் திருத்தி, சரிபார்ப்பு இலக்கங்களையும் பிழையின்றிக் கணக்கிட்டு அச்சிட்டாலும், அந்த வரியிலிருந்து பிறக்கும் சாவி மாறிவிடும்; சில்லு திறக்காது.